நெல்வயலின் நீலப்பச்சைப் பாசியும் அதன் நிறப்புரதங்களும்

நெற்பயிர் செழித்து வளர்வதற்கு நைதரசன் இன்றியமையாத ஊட்டப்பொருளாகும். இலை பச்சைபிடிப்பதும், மட்டம் வெடிப்பதும், கதிரில் மணி நிறைவதும் பெரும்பாலும் அதனையே சார்ந்துள்ளன. வயலின் மேலுள்ள வளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே. எனினும் நெற்பயிர் அதனை வளியிலிருந்து நேராக உட்கொள்ளும் ஆற்றல் அற்றது. ஆகையாற் கமக்காரர் யூரியாவை விலைகொடுத்து வாங்கி வயலுக்கு இடுகின்றனர்.

இலங்கையில் 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. அதனையடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதுங் குறைந்தது. வயலில் விலையின்றிக் கிடைக்கும் நைதரசன் எவ்வளவு, அது எங்கிருந்து வருகின்றது, அதனை நம்பி யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்னும் வினாக்கள் அக்காலத்திற் பலரிடையே எழுந்தன. அவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, வயல்நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியின் இயல்பை அறிதல் வேண்டும்.

வயலிற் காணப்படும் பாசிகள்

வயலில் நீர் கட்டிய சில நாட்களுக்குள் நீரிலும் சேற்றின் மேலும் பாசி படரக் காணலாம். இது ஒரே இனமன்று. நூல் நூலாய் நீண்டு, இளம் பச்சை நிறத்துடன் மிதப்பவை பெரும்பாலும் பச்சைப் பாசிகள். இவை வளியிலுள்ள நைதரசனைப் பற்றுவதில்லை. வயலுக்கு இட்ட பசளையையே பங்குபோடுகின்றன. கரும்பச்சையாகவோ, நீலங்கலந்த பச்சையாகவோ, கபிலமாகவோ, வழுவழுப்பான படலமாகச் சேற்றில் ஒட்டியிருப்பவையும், பசைபோன்ற சிறு உருண்டைகளாக மிதப்பவையும் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிகள். அனபீனா, நொஸ்டொக், கலோதிரிக்ஸ், தொலிப்பொதிரிக்ஸ், ஒலோசைரா, குளோயோதிரிக்கியா என்பன இவற்றுள் நைதரசனைப் பற்றும் சிலவாகும்.

நீலப்பச்சைப் பாசி எனப் பெயர்பெற்றிருந்தாலும் இவை உண்மையிற் பற்றீரியா இனத்தைச் சேர்ந்தவை. ஆதலால் இன்றைய நூல்கள் இவற்றைச் சயனோபற்றீரியா என அழைக்கின்றன. மற்றைய பற்றீரியாக்களுட் பெரும்பாலானவற்றைப் போலன்றி, இவை பயிர்களைப் போலவே ஒளியைக்கொண்டு உணவு ஆக்கி ஒட்சிசனை வெளிவிடுகின்றன.

நெல்வயலில் இப்பாசிகள் நைதரசனைச் சேர்க்கின்றன என்பதை, வங்காளத்து நெல்வயல் மண்ணை ஆராய்ந்த பி. கே. டே என்பவர் 1939 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதன்பின் யப்பானிலும் இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் இவ்வாராய்ச்சி விரிவடைந்தது.

பாசியை இனங்காணும் எளிய முறை

வயலிலிருந்து எடுத்த பாசியைச் சேறு போகக் கழுவி நிழலில் உலர்த்துதல் வேண்டும். கடும் வெயிலில் உலர்த்தினால் நிறம் கெட்டுவிடும். உலர்ந்ததை நுணுக்கி, வெண்ணிறக் கண்ணாடிப் போத்தலிலுள்ள தெளிந்த நீரில் இட்டு ஓரிரவு வைத்துவிட்டால், நீலப்பச்சைப் பாசியாயின் நீர் நீலநிறம் பெறும். பச்சைப் பாசியிலிருந்து அந்நிறம் வெளிவராது. பயிர்களிலும் பாசிகளிலும் உள்ள பச்சையம் நீரிற் கரைவதில்லை. நீலப்பச்சைப் பாசியின் நீலப்பொருளோ நீரிற் கரையும் புரதமாகும். இப்பாசிகள் சிலவற்றில் நைதரசனைப் பற்றாத இனங்களும் உண்டாதலால், நீலநிறங் கண்டமாத்திரத்தே அது நைதரசனைப் பற்றும் இனம் என்று முடிவுசெய்தல் கூடாது.

ஒளியைப் பற்றும் புரதங்கள்

அந்நீலப் புரதத்தின் பெயர் பைக்கோசயனின் என்பது. இதனுடன் அலோபைக்கோசயனின் என்னும் வெளிர்நீலப் புரதமும், சில இனங்களிற் பைக்கோஎரித்திரின் என்னும் சிவப்புப் புரதமும், வேறு சிலவற்றிற் பைக்கோஎரித்திரோசயனின் என்னும் ஊதாநிறப் புரதமும் உள்ளன. இவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கலத்தினுள்ளிருக்கும் மென்சவ்வின் மேல் விசிறிபோல் நிற்கின்றன. இவ்வடுக்கு ஒளியை வாங்கிப் பச்சையத்துக்கு அனுப்பும் வாயிலாகும்.

இவ்வமைப்பின் பயன் யாதெனில், பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்கு உறிஞ்சும். இடையிலுள்ள பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் ஒளிகளைச் சிறிதே உறிஞ்சும். நெல் இலை பச்சையாகத் தோன்றுவதும் இதனாலேயே. பாசியின் நிறப்புரதங்கள், பச்சையம் விட்டுவிடும் அவ்விடை ஒளிகளைப் பற்றுகின்றன. சிவப்புப் புரதம் பச்சை ஒளியையும், ஊதாப் புரதம் மஞ்சளையும், நீலப் புரதம் செம்மஞ்சளையும் பற்றி, ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கையளித்து, ஈற்றிற் பச்சையத்துக்குச் சேர்ப்பிக்கின்றன. ஆகவே நெற்பயிரின் நிழலில், நெல் இலை எடுத்து எஞ்சிய ஒளியைக்கொண்டே இப்பாசி வாழவல்லது.

இந்நிறப்புரதங்கள் கலத்திற் சிறு அளவினவல்ல. நன்கு வளர்ந்த பாசியின் கரையும் புரதத்தில் ஏறக்குறையப் பாதி வரை இவையாக இருத்தல் கூடும். புரதம் எதுவாயினும் அதில் நைதரசன் உண்டு. ஆகையால் ஒளியைப் பற்றும் கருவியாகிய இப்புரதங்களே பாசி சேர்த்த நைதரசனின் களஞ்சியமுமாகின்றன. பாசி இறந்து அழுகும்பொழுது அப்புரதங்கள் சிதைந்து, அவற்றிலுள்ள நைதரசன் அமோனியமாக மண்ணிற் சேர்கின்றது. நெற்பயிர் அதனையே வேரால் உறிஞ்சுகின்றது. பாசி உயிரோடிருக்கும்பொழுது பயிருக்குக் கொடுப்பது சிறிது. இறந்தபின் கொடுப்பதே பெரிது.

ஒளிக்கேற்ப நிறம் மாறுதல்

ஓரினப் பாசியே வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு நிறங்களுடன் தோன்றுதல் உண்டு. 1902 ஆம் ஆண்டளவில் செருமனியில் எங்கல்மன், கைடுக்கோவ் என்போர், நிற ஒளிகளின்கீழ்ப் பாசியை வளர்த்து இதனைக் கண்டனர். சிவப்பு ஒளியில் நீலப்பச்சையாக வளரும் பாசி, பச்சை ஒளியில் வைக்கப்படும்பொழுது செந்நிறமாக மாறும். கிடைக்கும் ஒளி எதுவோ அதனைப் பற்றத்தக்க புரதத்தைப் பாசி மிகுதியாக ஆக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். 1977 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் நிக்கொல் தண்டோ தெ மர்சாக், சிவப்புப் புரதமுள்ள பாசிகளை மூவகையாகப் பிரித்தார். முதல் வகை ஒளி மாறினும் புரதங்களின் அளவை மாற்றுவதில்லை. இரண்டாம் வகை சிவப்புப் புரதத்தை மாத்திரம் கூட்டிக் குறைக்கும். மூன்றாம் வகை சிவப்பு, நீலம் ஆகிய இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக மாற்றும்.

நெல்வயலில் இம்மாற்றத்துக்குத் தக்க இடமுண்டு. விதைத்த அல்லது நட்ட தொடக்கத்தில் வயல்நீர் திறந்த வெயிலிற் கிடக்கின்றது. ஒரு மாதமளவில் மட்டங்கள் வெடித்து இலைகள் கவிந்தபின், நீரை அடையும் ஒளி சிறுபங்காகக் குறைகின்றது. அளவு குறைவதோடு அதன் தன்மையும் மாறுகின்றது. நீலமும் சிவப்பும் இலைகளால் உறிஞ்சப்பட, பச்சை ஒளியும் கண்ணுக்குப் புலப்படாத தொலைச்சிவப்பு ஒளியுமே கூடுதலாகக் கீழிறங்குகின்றன. தொடக்க வெயிலிற் பச்சைப் பாசிகள் முந்துவதும், பயிர் கவிந்தபின் நைதரசனைப் பற்றும் நீலப்பச்சைப் பாசிகள் பெருகுவதும் பல நாட்டு வயல்களிற் கண்ட உண்மையாகும். கடும் வெயில் இப்பாசிகள் பலவற்றுக்கு ஒவ்வாது. வெயிலிற் கிடக்கவேண்டிய நிலையில் சில இனங்கள் உறையிற் கபிலநிறப் பொருளொன்றைச் சேர்த்துக் குடைபோற் பயன்படுத்துகின்றன. வரம்பின் மேற் கருகியதுபோற் காணப்படும் பாசிப்பொருக்கு இவ்வகையினதே. மிகுதியான ஒளியை வெப்பமாக மாற்றிக் கழித்துவிடும் செம்மஞ்சட் புரதம் ஒன்றும் பல பாசிகளில் உண்டு.

தொலைச்சிவப்பு ஒளியையும் பயன்படுத்தும் பாசிகள் உள என்பது அண்மைக்கால அறிவு. 2010 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில், அவ்வொளியை உறிஞ்சும் புதுவகைப் பச்சையம் ஒன்று கண்டறியப்பட்டது. நைதரசனைப் பற்றும் குளோரோகுளோயொப்சிஸ் என்னும் பாசியிலும் அப்பச்சையம் உண்டாவது 2014 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இத்தகைய பாசிகள் தொலைச்சிவப்பு ஒளியில் வளரும்பொழுது, தமது ஒளித்தொகுப்புப் புரதங்கள் பலவற்றை நீக்கி, அவற்றினிடத்தில் அவ்வொளிக்குப் பொருந்தும் வேறு வடிவப் புரதங்களை அமைத்துக்கொள்கின்றன.

வயலிற் காணும் செந்நிறம் யாவும் பாசியின் சிவப்புப் புரதத்தால் வந்ததென்று கொள்ளல் ஆகாது. நீரின்மேல் எண்ணெய்போல் மினுங்கும் துருநிறப் படலம் இரும்பினால் உண்டாவது. அது நீர் வடியாமையின் அறிகுறியாதலால் வடிகாலைக் கவனித்தல் வேண்டும்.

ஒரே இழையில் இருவகைக் கலங்கள்

வளியின் நைதரசனை அமோனியாவாக மாற்றும் நொதியம் நைதரசனேசு எனப்படும். இரும்பும் மொலிப்டினமும் கொண்ட இந்நொதியம் ஒட்சிசன் பட்டால் அழிந்துவிடும். பாசியோ ஒளித்தொகுப்பின்போது ஒட்சிசனை வெளிவிடுவது. தன் வேலையால் உண்டாகும் பொருளே தன் மற்றை வேலைக்குத் தடையாக நிற்கும் இவ்விக்கட்டைப் பாசி தீர்த்துக்கொள்ளும் முறை வியக்கத்தக்கது.

அனபீனாவின் இழையை நுணுக்குக்காட்டியாற் பார்த்தால், மணிமாலைபோற் கோத்த கலங்களுக்கிடையே, ஏறக்குறைய 10 முதல் 20 கலங்களுக்கு ஒன்று சற்றுப் பெரிதாகவும் தடித்த சுவருடையதாகவும் வெளிறியதாகவும் காணப்படும். நைதரசன் பற்றப்படுவது இச்சிறப்புக் கலத்திலேயே என்னும் கருத்தை 1968 ஆம் ஆண்டில் ஃபே, ஸ்ரூவேட், வோல்ஸ்பி, ஃபொக் என்னும் ஆராய்ச்சியாளர் முன்வைத்தனர். பின்னைய ஆராய்ச்சிகள் அதனை உறுதிப்படுத்தின.

இக்கலம் வெளிறியிருப்பதற்குக் காரணம் அதன் புரதங்களில் நேர்ந்த மாற்றமே. ஒளித்தொகுப்பில் இரு ஒளித்தொகுதிகள் பங்குபற்றுகின்றன. இரண்டாம் ஒளித்தொகுதி நீரைப் பிளந்து ஒட்சிசனை வெளிவிடுவது. சாதாரண கலம் சிறப்புக் கலமாக மாறும்பொழுது இரண்டாம் ஒளித்தொகுதி செயலிழக்கின்றது. நிறப்புரதங்களின் பெரும்பகுதியும் சிதைக்கப்படுகின்றது. காபனீரொட்சைட்டைப் பதிக்கும் நொதியமும் நீங்குகின்றது. முதலாம் ஒளித்தொகுதியோ நிலைத்து நின்று, ஒளியின் சத்தியைத் தொடர்ந்து வழங்குகின்றது. ஒரு நைதரசன் மூலக்கூற்றை மாற்றுவதற்குக் குறைந்தது 16 ஏ. ரீ. பி. என்னும் சத்திப்பொருள் மூலக்கூறுகள் செலவாவதால் அத்தொகுதி இன்றியமையாதது. வெளியிலிருந்து ஒட்சிசன் புகாதபடி தடித்த சுவர் காக்கின்றது.

சிறப்புக் கலம் தனக்கு வேண்டிய வெல்லத்தை அடுத்துள்ள சாதாரண கலங்களிடமிருந்து பெற்று, பற்றிய நைதரசனை அமினோவமிலமாக அவற்றுக்குக் கொடுக்கின்றது. சாதாரண கலங்களுக்கு ஒளி போதாதாயின் வெல்லம் குறையும். வெல்லம் குறைந்தால் நைதரசன் பற்றுதலும் குறையும். வயற்பாசியின் நிறப்புரதங்கள் நிழலுக்கேற்ப மாறுவது நெற்பயிருக்கும் நன்மை தருவது இவ்வாறே.

நைதரசன் குறைவும் நிறமும்

நீரில் அமோனியமோ நைத்திரேற்றோ போதிய அளவில் உள்ளபொழுது பாசி சிறப்புக் கலங்களை ஆக்குவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் உணவிருக்க, மிகுந்த செலவில் அதனை ஆக்கவேண்டிய தேவை பாசிக்கு இல்லை. நீரில் நைதரசன் அற்றுப்போனால், பாசி முதலிற் செய்வது தன் நிறப்புரதங்களைச் சிதைத்து, அவற்றிலுள்ள நைதரசனைக்கொண்டு சிறப்புக் கலங்களை அமைப்பதாகும். நைதரசன் குறைந்த நெற்பயிரில் கீழிலைகள் மஞ்சளாகி, அங்கிருந்த நைதரசன் இளம் இலைகளுக்குச் செல்வதுபோலவே இதுவும். அப்பொழுது பாசியின் நீலம் மங்கி இளமஞ்சட் பச்சை தோன்றும். ஏறக்குறைய ஒரு நாளிற் சிறப்புக் கலங்கள் முதிர்ந்து நைதரசனைப் பற்றத் தொடங்கியதும், சாதாரண கலங்கள் நிறப்புரதங்களை மீண்டும் ஆக்கிக்கொள்ளும்.

இதிலிருந்து கமக்காரர் அறியவேண்டியது ஒன்றுண்டு. வயல்நீரின்மேல் யூரியாவைத் தூவும்பொழுது பாசியின் நைதரசன் பற்றுதல் தடைப்படுகின்றது. பச்சைப் பாசிகள் பெருகுகின்றன. அன்றியும் வேறொரு இழப்பும் நேர்கின்றது. பகலிற் பாசிகள் நீரிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துவிடுவதால் நீர் காரத்தன்மை அடைகின்றது. உச்சிவேளையின்பின் அதன் பீ. எச். பெறுமானம் 9 முதல் 10 வரை உயர்தல் கூடும். அந்நீரிலுள்ள அமோனியம் அமோனியா வாயுவாகி வளியிற் கலந்துவிடும். ஆகவே பாசி படர்ந்த நீரிற் பட்டப்பகலிற் தூவிய யூரியாவின் ஒரு பகுதி பயிருக்கும் உதவாது, பாசிக்கும் உதவாது வீணாகின்றது.

களைநாசினிகளும் ஒளித்தொகுப்புப் புரதமும்

இரண்டாம் ஒளித்தொகுதியின் நடுவில் டீ-1 எனப்படும் புரதம் ஒன்றுண்டு. இது நெல்லிலும் களையிலும் பாசியிலும் ஏறக்குறைய ஒரே அமைப்புடையது. ஒளி படப்பட இப்புரதம் பழுதடைந்துகொண்டே இருப்பதால், கலம் அதனை இடையறாது புதிதாக்கிக்கொள்கின்றது. நீலப்பச்சைப் பாசிகளில் இப்புரதத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. இயல்பான ஒளியில் ஒரு வடிவமும், கடும் ஒளியில் அதனைத் தாங்கவல்ல மற்றொரு வடிவமும் பயன்படுகின்றன.

ஒளித்தொகுப்பைத் தடுத்துக் களையைக் கொல்லும் களைநாசினிகள் பல இப்புரதத்திற் பொருந்தியே வேலைசெய்கின்றன. தையூரோன், அத்திரசீன் என்பனவும், முன்னர் நெல்வயல்களில் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட புரொப்பனிலும் இவ்வகையின. நெற்பயிரில் புரொப்பனிலைச் சிதைக்கும் நொதியம் ஒன்று இருப்பதால் நெல் தப்பியது. பாசிக்கு அக்காப்பு இல்லாமையால் அது பாதிக்கப்பட்டது. டீ-1 புரதத்தின் 264 ஆம் இடத்திலுள்ள ஓர் அமினோவமிலம் மாறினால், தையூரோன், அத்திரசீன் போன்றவை அங்கே பொருந்தமாட்டா. பாசியானாலும் களையானாலும் அவற்றுக்குத் தப்பிவிடும். ஒரே வகைக் களைநாசினியை ஆண்டுதோறும் பயன்படுத்தும் வயலிற் களைகள் அதற்கு அடங்காமற்போவதற்கு இத்தகைய மாற்றமும் ஒரு காரணமாகும்.

ஆகையாற் களைநாசினியைத் தேவைக்கு மிஞ்சித் தெளித்தல், களையோடு பாசியையும் அதனால் வரும் நைதரசனையும் அழித்தலாகும். பாசியை ஒழிப்பதற்கு மயில்துத்தம் இடுவதும் அத்தகையதே. செப்பு மிகச் சிறு அளவிலும் நீலப்பச்சைப் பாசியைக் கொல்லும்.

எவ்வளவு நைதரசன் கிடைக்கும்?

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1980 ஆம் ஆண்டில் நீலப்பச்சைப் பாசியையும் நெல்லையும் பற்றிய நூலொன்றை வெளியிட்டது. அதனை எழுதியவர்கள் பி. ஏ. ரோஜரும் இலங்கையரான எஸ். ஏ. குலசூரியவுமாவர். பல நாட்டு அளவீடுகளைத் தொகுத்த அவர்கள், பாசிகள் ஒரு போகத்திற் பற்றும் நைதரசன் ஹெக்டேயருக்குச் சில கிலோகிராம் முதல் 80 கிலோகிராம் வரை வேறுபடுவதையும், சராசரி 27 கிலோகிராமளவில் இருப்பதையும் எடுத்துக்காட்டினர். சராசரியை ஏக்கர் அளவிற் கணக்கிட்டால் ஏறக்குறைய 11 கிலோகிராம் நைதரசனாகும். அது சுமார் 24 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்கு, அதாவது 50 கிலோகிராம் மூடையின் அரைப்பங்குக்குச் சமம்.

ஒரு தொன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோகிராம் வரை நைதரசனை எடுக்கின்றது. ஏக்கருக்கு இரண்டு தொன் விளையும் வயலிற் பயிரின் தேவை 30 முதல் 40 கிலோகிராம். பாசியால் வரும் 11 கிலோகிராமும் அதே போகத்திற் கிடைப்பதில்லை. பாசி இறந்து அழுகும் வேகத்துக்கேற்ப ஒரு பகுதி அப்போகத்துக்கும், எஞ்சியது மண்ணிற் தங்கிப் பின்வரும் போகங்களுக்கும் உதவும். ஆதலாற் பாசியை நம்பி யூரியாவை முற்றாக நிறுத்திவிட்டால் விளைச்சல் குறைதல் திண்ணம். பாசியைப் பேணாது யூரியாவை மாத்திரம் நம்பினால் செலவு கூடுதல் திண்ணம். இரண்டையும் அளவறிந்து இணைத்தலே ஏற்ற வழியாகும்.

வயலிற் செய்யத்தக்கவை

யூரியாவை நீர்மட்டத்தின்மேல் தூவாது, நீரை வடித்து மண் சேறாக இருக்கும் நிலையில் இட்டு மண்ணோடு கலந்து, பின்னர் நீர் கட்டுதல் வேண்டும். மண்ணுள்ளே சென்ற நைதரசன் வேருக்கு அண்மையில் இருக்கும். மேல்நீரில் நைதரசன் குறைவாக இருப்பதாற் பாசியும் தன் வேலையைத் தொடரும். ஒரே தடவையில் இடாமல் சிபாரிசு செய்யப்பட்டபடி பகுதி பகுதியாக இடுவதும் இதற்கு உதவும்.

பாசிக்குப் பொசுபரசு மிக வேண்டும். மண் பரிசோதனையிற் பொசுபரசு குறைவெனக் கண்ட வயல்களுக்குச் சிபாரிசு செய்யப்பட்ட அளவில் மும்மைச் சுப்பர்பொசுபேற்று இடுதல், பயிருக்கும் பாசிக்கும் ஒருங்கே பயன்தரும். இப்பாசிகள் நடுநிலையான அல்லது சிறிது காரமான மண்ணை விரும்புவன. அமிலம் மிகுந்த மண்ணில் இவை குறைவாகவே வளரும்.

வயல்நீரில் வாழும் சிறு நத்தைகளும், ஓடுடைய நுண்ணிய நீர்ப்பூச்சிகளும் பாசியை மேய்ந்துவிடும். போகங்களுக்கிடையே வயலை உலரவிடுவதால் இவை குறைகின்றன. நீலப்பச்சைப் பாசியின் பல இனங்கள் வரட்சியைத் தாங்கும் வித்திகளை உடையனவாதலால், அடுத்த மழையில் அவை மீண்டும் முளைக்கும்.

இந்தியாவில், தட்டையான தொட்டிகளில் மண்ணும் சுப்பர்பொசுபேற்றும் இட்டுப் பாசியை வளர்த்து உலர்த்தி, ஹெக்டேயருக்கு 10 கிலோகிராம் வீதம் நட்டு ஒரு வாரத்தின்பின் தூவும் முறை உண்டு. சில இடங்களில் அது நற்பயன் தந்துள்ளது. வேறு இடங்களிலோ, வெளியிலிருந்து இட்ட பாசி அவ்வயலின் சொந்தப் பாசிகளோடு போட்டியிட்டு நிலைக்கவில்லை. பெரும்பாலான வயல்களிற் பாசி இயல்பாகவே உண்டாதலால், புதிதாக வாங்கி இடுவதைவிட உள்ளதைக் காத்தலே முதற்கடமையாகும்.

அசோலா என்னும் சிறு நீர்ப்பன்னத்தின் இலைக்குழியுள்ளும் இத்தகைய பாசி வாழ்கின்றது. பன்னம் நீல, சிவப்பு ஒளிகளை எடுக்க, பாசியின் நிறப்புரதங்கள் இடையிலுள்ள ஒளியை எடுக்கின்றன. அங்கே பன்னமே உணவளிப்பதால், 100 கலங்களில் 20 முதல் 30 வரை சிறப்புக் கலங்களாக இருக்கும். கடும் வெயிலில் அசோலா சிவப்பது பன்னத்தின் சொந்த நிறப்பொருளால், பாசியால் அன்று.

மரக்கறித் தோட்டங்களில்

மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியன பயிராகும் மேட்டுநிலத்தில் நீர் தேங்கி நிற்பதில்லை. மண்மேற் பாசிப்பொருக்கு உண்டாயினும், அது ஈரமுள்ள நேரத்தில் மாத்திரமே வேலைசெய்யும். ஆகையால் அங்கே பாசியால் வரும் நைதரசனைக் கணக்கிற் கொள்ளல் தகாது. குளத்திலோ தொட்டியிலோ வளர்த்த அசோலாவைக் கூட்டெருவிற் சேர்த்தோ, மண்ணிற் புதைத்தோ மரக்கறிக்குப் பயன்படுத்தலாம். நெல்லின்பின் அதே வயலில் மரக்கறி செய்வோருக்கு, உலர்ந்த பாசியின் நைதரசனில் ஒரு பகுதி அப்பயிருக்குக் கிடைக்கும். ஆதலாற் பாசிப்படலத்தை வாரி வெளியே எறியாது மண்ணோடு உழுதுவிடல் நன்று.

நீலப்பச்சைப் பாசிகளுட் சில இனங்கள் நஞ்சை உண்டாக்குவன. குளத்திலோ கேணியிலோ தடித்த பச்சைப் படலம் மிதக்குமாயின், அந்நீரைக் குடிப்பதற்கும் ஆடு மாடுகளுக்குக் கொடுப்பதற்கும் பயன்படுத்தலாகாது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. நீலப்பச்சைப் பாசி வயலுக்கு நைதரசன் சேர்ப்பது. நூல்போன்ற பச்சைப் பாசி அவ்வாறு செய்வதன்று. இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

2. பாசியின் நிறம் அதன் ஒளிபற்றும் புரதங்களால் வருவது. பயிரின் நிழலுக்கும் நைதரசன் குறைவுக்கும் ஏற்ப அந்நிறம் மாறும்.

3. அந்நிறப்புரதங்களிலுள்ள நைதரசன், பாசி மண்ணில் அழுகியபின்பே பயிருக்குக் கிடைக்கும்.

4. யூரியாவைப் பட்டப்பகலில் வயல்நீரின்மேல் தூவுதல் ஆகாது. நீரை வடித்து மண்ணோடு கலத்தல் வேண்டும்.

5. களைநாசினியைச் சிபாரிசு செய்த அளவுக்கு மேல் இடுதல் ஆகாது. ஒரே வகையை ஆண்டுதோறும் இடுதலும் ஆகாது.

6. பாசியால் வரும் நைதரசன் யூரியாவின் ஒரு பகுதிக்கே ஈடாகும்; முழுவதற்கும் ஈடாகாது.

யூரியாவின் அளவைக் குறைக்க விரும்பும் கமக்காரர் முதலில் வயலின் ஒரு சிறு பாத்தியிற் குறைத்து, இலையின் நிறத்தையும் விளைச்சலையும் மற்றைய பகுதியோடு ஒப்பிட்டறிந்தபின்னரே ஏனைய வயலுக்கு விரித்தல் நன்று. மண் பரிசோதனைபற்றியும் பசளை அளவுபற்றியும் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெறலாம்.